பன்னண்டாவது வெடி

தள்ளி உக்காருங்க தம்பி. இன்னுங் கொஞ்சம். ஆங், போதும். காலையில எட்டு மணிக்கு வந்து நிக்கிறோம், இந்த ஆஸ்பத்திரியில உக்காரவே ஒரு சிபாரிசு வேணும் போல. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? அம்மாவுக்கா? உள்ள இருக்காகளா? சரி சரி, வயசானா வர்றதுதான். எனக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் துணைக்கு வந்தவன்.

அந்தா, சீட்டுப் போடுற இடத்துல ஒருத்தன் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறான் பாருங்க, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கிட்டு. அதான் நம்ம ஆளு. என் தங்கச்சி பஞ்சவர்ணத்தோட புருசன், ராசாங்கம். பட்டாளத்துல பத்தொம்பது வருசம் இருந்துட்டு வந்திருக்காரு தொரை. வந்து ரெண்டு வருசமாச்சு. டிரங்குப் பெட்டி வந்துச்சு, பூட்ஸ் வந்துச்சு, மீசை வந்துச்சு. மூளையை மட்டும் எந்த ஸ்டேசன்ல இறக்கி வச்சான்னு தெரியல.

சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான் சொல்றேன். பால் வாங்கப் போவான். பாத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிப்பான். எதுக்கு வந்தோம்னு தெரியாது. பெத்த பொண்ணைக் கூப்பிட வாயைத் திறப்பான், பேரு வராது. "ஏய்... ஏய்..."ம்பான். அந்தப் பிள்ளை மூஞ்சி செத்துப் போகும். அதுக்கப்புறம் ஒரு நோட்டு வாங்கினான். சட்டைப் பையில அடங்குற நோட்டு. எல்லாத்தையும் அதுல எழுதிக்கிறது. குளிச்சாச்சு. மோட்டாரை நிறுத்தியாச்சு. மாத்திரை போட்டாச்சு. சோறு தின்னதைக்கூட எழுதி வச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறான். தூ! இவனுக்கெல்லாம் ஒரு துப்பாக்கியைக் குடுத்து எல்லையில நிப்பாட்டியிருக்கான் பாருங்க, அவனைச் சொல்லணும்.

எல்லையில எங்க நின்னான்? அதையும் கேளுங்க. சண்டைக்கே போகல தம்பி! பத்தொம்பது வருசத்துல பதினோரு வருசம் பயிற்சி முகாம்ல வாத்தியாரு. ஒரு இரும்புக் குழாய் இருக்காம், சாய்வா நிறுத்தி வச்சிருப்பாகளாம். மேல் வாயில குண்டைப் போட்டா தொம்முனு கிளம்பிப் போயி மூணு மைல் தள்ளி விழுமாம். புதுசா சேர்ந்த பசங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்குற வேலை. பக்கத்துல நின்னு காதைப் பொத்திக்கிட்டுக் குனியணும், அவ்வளவுதான். உடம்புல ஒரு கீறல் கிடையாது. காலை எடுத்தவன் இருக்கான், கையை எடுத்தவன் இருக்கான், அவனெல்லாம் ஊர்ல பெட்டிக்கடை வச்சுக் கணக்குப் பார்த்துப் பொழைக்கலையா? இவனுக்கு மட்டும் என்ன கேடு?

ஊர்ல ஆளாளுக்கு ஒரு காரணம். டீக்கடையில கேட்டா ரம்முங்குறாக. அவன் எங்க குடிச்சான், அவன் பங்கையும் சேர்த்து நான்தானே குடிச்சேன். பஞ்சவர்ணம் சொல்லுவா, பனிமலையில ரெண்டு வருசம் காத்தே இல்லாத எடத்துல போட்டுட்டாக, அதுல மூளை வாடிப் போச்சுன்னு. அவன் ஆத்தா சொல்லுது, செய்வினையாம். செய்வினை வைக்கிற அளவுக்கு இவன் என்ன ஜமீனா? இன்னொருத்தன் சொல்றான், ராத்திரி டூட்டி பார்த்துப் பார்த்து உறக்கம் கெட்டுப் போச்சு, அதான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நடிப்பு. சுத்தமான நடிப்பு. உக்கார வச்சுச் சோறு போட ஒரு இளிச்சவாயி பொண்டாட்டி கிடைச்சா யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

என் பேரு சேவுகப்பெருமாள் தம்பி. மேலூருக்கு வடக்க எந்தக் கல்குவாரியில போயி வேணும்னாலும் கேளுங்க, வெடிக்காரர் சேவுகன்னா தெரியாதவன் கிடையாது. முப்பது வருசமா பாறைக்கு வெடி வைக்கிறேன். கவருமெண்டு லைசென்சு. ஒரு நாளைக்குப் பத்து வெடி, இருபது வெடி. இவன் கேட்ட சத்தமெல்லாம் எனக்குக் கொசு கத்துற மாதிரி. எனக்கு என்ன ஆச்சு? காதுக்குள்ள ஒரு வண்டு கத்தும், அது கல்லு வேலைக்காரன் எல்லாருக்கும் உள்ளது. தலைவலி வரும், வெயில்ல நின்னா வராதா? உறக்கம் கம்மி. கொஞ்சம் கோவம் வரும். சோத்துல உப்பு இல்லைன்னு தட்டை எறிஞ்சேன்னு என் சம்சாரம் திருப்பூர்ல மகன் வீட்டுக்குப் போயி உக்காந்துக்கிட்டா. உப்பு போட்டாளாம், நான்தான் ரெண்டு தடவை அள்ளிப் போட்டேனாம். கதையைப் பாருங்க. உங்க சமாசாரம் சொல்லலையே, யாருக்காக வந்திருக்கீங்க? ஓ, அம்மாவா. சரி சரி.

எதுல விட்டேன்? ஆங், வேலை. போன வருசம் பஞ்சவர்ணம் வந்து அழுதா. அண்ணே, இப்படியே வீட்டுக்குள்ள கிடந்தா இவரு கல்லாப் போயிருவாருண்ணே, ஏதாவது ஒரு வேலையில சேர்த்து விடுன்னா. எனக்கு அவ ஒருத்திதான் தங்கச்சி. அவ அழுதா எனக்குத் தாங்காது. சரின்னு குவாரி முதலாளிகிட்டச் சொல்லி, கொடி பிடிக்கிற வேலையில சேர்த்து விட்டேன். வெடி வைக்கையில சிவப்புக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டை மறிக்கணும். சத்தத்தை எண்ணணும். ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட வரும்.

எண்ணுறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? வெடிக்கிறது பெருசில்ல தம்பி, எண்ணுறதுதான் பெருசு. பன்னண்டு குழிக்கு மருந்து போட்டுத் திரி வச்சா பன்னண்டு சத்தம் வரணும். ஒண்ணு குறைஞ்சா, ஒரு குழி வெடிக்காம உசுரோட உள்ள கிடக்குன்னு அர்த்தம். தெரியாம அதுமேல துளை போடுற மிசினை வச்சா முடிஞ்சது சோலி. அதனால வெடிக்காரன் ஒருத்தன், கொடிக்காரன் ஒருத்தன், ரெண்டு பேரு எண்ணுவோம். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் இறங்கலாம்னு விசில். ஒத்து வரலைன்னா கம்மியா எண்ணினவன் சொல்லுதான் செல்லும். அவன் நேத்து வேலைக்கு வந்தவனா இருந்தாலும் சரி, வாயைப் பொத்திக்கிட்டு ஒத்துக்கணும். அன்னைக்கு யாரும் உள்ள இறங்கக் கூடாது. எங்கப்பன் காலத்துச் சட்டம் இது. எத்தனை பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்!

இவன் எப்படி எண்ணுவான்னு நினைக்கிறீங்க? அதே நோட்டு. ஒரு சத்தத்துக்கு ஒரு கோடு. குவாரியே சிரிக்கும். நான் சொல்லுவேன், "மாப்ள, கோடு போடப் பென்சில் தேஞ்சிருச்சுன்னா பாறையை வெடிக்காம நிக்கச் சொல்லட்டா?"ன்னு. கோவப்பட மாட்டான். "எனக்குத் தலை மேல நம்பிக்கை இல்ல மச்சான், தாள் மேல இருக்கு"ம்பான். என் தலை மேல எனக்கு நம்பிக்கை இருக்குடா, இருபத்தெட்டு வருசமா மனசுக்குள்ளதான் எண்ணுறேன்னேன்.

அன்னைக்குப் பன்னண்டு குழி. போன மாசம், ஒரு வியாழக்கிழமை. திரியைப் பத்த வச்சுட்டு வந்து மறைப்புக்குப் பின்னாடி உக்காந்தேன். வெடிச்சுச்சு. பன்னண்டு. எனக்கு நல்லாத் தெரியும், நாலாவதும் அஞ்சாவதும் சேர்ந்தாப்புல விழுந்துச்சு, ஒண்ணு மாதிரிதான் கேட்கும், எனக்குத்தான் அந்த வித்தியாசம் பிடிபடும். இவன் கொடியை மடக்காம ஓடி வாரான். "மச்சான், பதினொண்ணு." பன்னண்டுடான்னேன். "இல்ல மச்சான், பதினொண்ணுதான், பாருங்க"ன்னு நோட்டை நீட்டுறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! பொண்ணு பேரு தெரியாத பய, தின்ன சோறு ஞாபகம் இல்லாத பய, முப்பத்தஞ்சு வருசம் வெடி வச்சவன் முன்னால நோட்டை நீட்டுறான். "போயி ஓரமா உக்காருடா. எண்ணத் தெரிஞ்சவன் நான் இருக்கேன்"னு சொல்லிட்டு விசிலை ஊதிட்டேன். சட்டம்தான். நான் இல்லைங்கல. சட்டமெல்லாம் தலை நல்லா இருக்கிறவனுக்கு உள்ளது.

துளை போடுற ஒச்சப்பன்தான் மிசினைத் தூக்கிட்டு முதல்ல இறங்கினான். பத்து நிமிசம் இருக்காது.

வலது கண்ணு போச்சு தம்பி. உசுரு தப்பிச்சான். என் கையைப் பிடிச்சுத் தொழில் பழகினவன் அவன். என்னை அண்ணேன்னு கூப்பிட மாட்டான், "வாத்தியாரே"ம்பான். நான் அழுதேன். நெசமாவே அழுதேன், மடேர் மடேர்னு தலையில அடிச்சுக்கிட்டு. இவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஒண்ணு மட்டும் சொல்லணும், இல்லைன்னா எனக்கு நாக்கு அழுகிப் போகும். புகை அடங்கல, உள்ள இன்னொண்ணு கிடக்கான்னு தெரியல, எல்லாரும் நிக்கிறோம், இவன் ஒருத்தன்தான் ஓடினான். ஒச்சப்பனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தான். அதுக்குத்தான் பட்டாளத்துல சம்பளம் குடுத்திருக்கான், குடுத்த காசுக்கு அதையாவது கத்துக்கிட்டு வந்தானே.

மறுநாள் கவருமெண்டு ஆபீசர் வந்தாரு. யாரு எண்ணினது, யாரு விசில் ஊதினதுன்னு விசாரணை. என் லைசென்சு புஸ்தகத்தை வாங்கிக் கையில வச்சுக்கிட்டாரு. அது போனா நான் யாரு? ஒண்ணுமில்லாத பய. நான் வாயைத் திறக்கல, இவன் முந்திக்கிட்டு அட்டென்சன்ல நிக்கிறான். "சார், பன்னண்டுன்னு நான்தான் சொன்னேன். என்னை நம்பித்தான் மச்சான் விசில் ஊதினாரு. எனக்குத் தலை சரியில்ல சார், ஊருக்கே தெரியும்." ஆபீசர் நோட்டைக் குடுங்குறாரு. குடுத்தான். அந்த ஒரு நாள் தாளை மட்டும் காணோம். காலையிலதான் டீக்கடை அடுப்புல ஒரு தாளைக் கிழிச்சுப் போட்டான், நானே பார்த்தேன். குத்தமுள்ள நெஞ்சு, வேற என்ன?

நீங்க என்னைய அப்படிப் பார்க்காதீங்க. நான் ஏன் மறுத்துப் பேசணும்? அவனே ஒத்துக்கிட்டான். அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சுப் பார்த்தேன். பன்னண்டுன்னு சொன்னது அவன்தானோன்னு எனக்கே படுது. பதினொண்ணுன்னு சொன்னது நானா இருக்கும். இருக்கும்ல? பட்டாளத்தான் ஆபீசருகிட்டப் பொய் சொல்லுவானா?

லைசென்சை என் கையில திருப்பிக் குடுத்துட்டாரு. இவனை வேலையை விட்டு நிறுத்திட்டாக. ஒச்சப்பன் மச்சினன் ரெண்டு பேரு சந்தையில வச்சு இவனை அறைஞ்சாக, ஊரே பார்க்க. திருப்பி ஒரு அடி? ம்ஹும். கன்னத்தைக் காட்டிக்கிட்டு நின்னான். நல்ல வேளை எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் எவனும் இவனைப் பார்க்கல, பார்த்திருந்தா அன்னைக்கே உள்ள வந்திருப்பான்.

அதுக்கப்புறந்தான் இந்த ஆஸ்பத்திரி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு தடவை வந்தோம். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. வீட்டு ஆளுக யாராவது கூட இருந்து சொல்லணும்னாக, நான்தான் உக்காந்தேன். அவனோட கதையை எல்லாம் கேட்டுட்டு அந்தம்மா சொல்லுது, காரணம் இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம். உறக்கமா இருக்கலாம், மனக்கவலையா இருக்கலாம், மலையில காத்து கம்மியா இருந்ததா இருக்கலாமாம். ஆனா அந்தக் குழாய்க் குண்டுப் பக்கத்துல பதினோரு வருசம் நின்னதைத்தான் முதல்ல பார்க்கணுமாம். காயமே படாட்டியும், ஒவ்வொரு வெடிக்கும் காத்து வந்து மண்டையில மோதுதாம். ஒரு தடவை மோதினா ஒண்ணும் தெரியாதாம். ஆயிரக்கணக்குல மோதினா உள்ளுக்குள்ள கொஞ்சங் கொஞ்சமா கெட்டுப் போகலாமாம்.

காத்து மோதுதாம் தம்பி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "ஏம்மா, அப்படிப் பார்த்தா என் மூளை இந்நேரம் கூழாப் போயிருக்கணுமே"ன்னேன். அந்தம்மா சிரிக்கல. பேனாவைக் கீழ வச்சுட்டு, நீங்க எத்தனை வருசமா வெடி வைக்கிறீங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன். தலைவலி உண்டா, காதுல சத்தம் உண்டா, கோவம் வருமான்னு ஒவ்வொண்ணாக் கேட்குது. என்னைய எதுக்குக் கேட்குறன்னேன். அஞ்சு சொல்லு குடுத்து, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொன்னுச்சு, இவனுக்கு. இவன் மூணு சொன்னான். நீங்களும் சும்மா சொல்லிப் பாருங்கன்னுச்சு. சைக்கிள்... சைக்கிள்னு ஒண்ணு இருந்துச்சு. நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா, கைகட்டி ஒப்பிக்க? அந்தம்மா இவனைப் பார்க்குது, இவன் அந்தம்மாவைப் பார்க்குறான். ரெண்டு பேரும் கண்ணாலேயே என்னமோ பேசிக்கிட்டாக. நல்ல ஜோடி, ஒருத்தருக்குத் தலை இல்ல, இன்னொருத்தருக்கு அனுபவம் இல்ல.

வர்ற திங்கக்கிழமை குவாரியில பெரிய வெடி. இருபத்திநாலு குழி, நான்தான் வைக்கிறேன். கொடிக்குப் புது ஆளு, எல்லாத்துக்கும் தலையாட்டுற பய, நான் சொன்னதுதான் அவனுக்குக் கணக்கு. அப்படி ஒருத்தன் இருந்தா நிம்மதி. முந்தாநாள் இவன் வந்து என் வீட்டு வாசல்ல நிக்கிறான். "மச்சான், திங்கக்கிழமைக்குள்ள நாம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம். தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு, நீங்க வரணும்"னு கெஞ்சுறான். பட்டாளத்தானுக்குப் பயமாம்! அடுத்த வாரம் போவோம்டான்னா கேட்கல. காலைப் பிடிக்காத குறை. பஞ்சவர்ணமும் அழுகுறா, போண்ணே போண்ணேன்னு. அவ அழுதா எனக்குத் தாங்காதுன்னு சொன்னேன்ல. காலையில எனக்குச் சலவைச் சட்டை எடுத்து வைக்கிறா. நான் என்ன பொண்ணு பார்க்கவா போறேன்னேன். ஆதார் அட்டையை எடுத்துக்கண்ணேங்குறா. துணைக்குப் போறவனுக்கு எதுக்குடி அட்டைன்னா, வாசல்ல கேட்பாங்கண்ணே, குடுன்னு வாங்கி இவன் பையில வச்சு அனுப்புறா. வாசல்ல எவனும் கேட்கல.

வழியிலயும் இவனாலதான் ரோதனை. பேருந்து நிலையத்துல நான் சிவகங்கை வண்டியில ஏறி உக்காந்துட்டேன். போர்டை ஒழுங்கா எழுதித் தொலைச்சாத்தானே. இவன் ஏறி வந்து ஒண்ணும் சொல்லாம என் பையை வாங்கிக்கிட்டு இறங்குறான். வாயைத் திறந்து ‘இது இல்ல மச்சான்’னு சொல்ல வேண்டியதுதானே? நோட்டுல மட்டும் எழுதிக்கிட்டான். என்னடா எழுதுறன்னு பிடுங்கிப் பார்த்தேன், கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல. இப்பல்லாம் நான் பேசப் பேச எழுதுறான் தம்பி. அவனைப் பத்தி எழுதின நோட்டு தீர்ந்துபோச்சு போல, இது புது நோட்டு.

உங்களுக்கு யாரு உள்ள? அம்மா... ஆமா, சொன்னீங்க, சொன்னீங்க. பதறாதீங்க, நல்லா வந்துருவாக. கூட வர்ற ஆளு தெளிவா இருந்தாப் போதும், சீக்காளியைக் கரை சேர்த்துரலாம். அந்த டாக்டரம்மா இன்னைக்கு என்னைக் கேட்டா ஒரே பேச்சுத்தான். இவன் தலை சரியில்ல, எண்ணிக்கை தப்பு, அதனாலதான் ஒருத்தன் கண்ணு போச்சுன்னு எழுதிக் குடுங்கம்பேன். எழுதி வாங்கிட்டா எனக்கும் மனசு ஒரு நிலைக்கு வரும். உறக்கம் வரும்.

இருங்க, கூப்பிடுறாக. என்னது? சேவுகப்பெருமாளா? யாரும்மா சேவுகப்பெருமாள்? அட, என் பேருல்ல அது! ஏம்மா, சீட்டை நல்லாப் பாரும்மா, ராசாங்கம்னு போட்டிருக்கும். மேலூர்தான். வயசு அம்பத்தாறுதான். அதெல்லாம் சரிதாம்மா, ஆனா ஆளு நான் இல்ல.

இந்தா வாரான். "எந்திரிங்க மச்சான். உங்களைத்தான் கூப்பிடுறாங்க. நான் கூடவே இருக்கேன்"ங்குறான். ஏண்டா கையைப் பிடிக்கிற? விடுறா. இத்தனை பேரு பார்க்க ஏண்டா கண்ணு கலங்குற, நீயெல்லாம் ஒரு பட்டாளத்தான்?

பார்த்தீங்களா தம்பி? இவ்வளவு நேரம் நான் சொன்னது பொய்யா? முத்திப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு யாரு யாரைக் கூட்டிட்டு வந்ததுங்கிறதே இவனுக்கு மறந்துபோச்சு.